ஐம்பது அடியா, மார்கழித் தண்ணீரா? நிலாவெளிக் காணியில் மலக்குழி கட்டப்போகும் தம்பிக்கு

கட்டாரில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். திருகோணமலைக்கு அருகே நிலாவெளியில், கடலிலிருந்து ஏறத்தாழ 250 மீற்றர் உள்ளே, அவருக்கு 15 பேர்ச் காணி. கீழே குடும்பம் இருக்க வீடு, மேலே சுற்றுலா வருபவர்களுக்கு மூன்று அறை என்று யோசனை. பின் மூலையில் பழைய கிணறு இருக்கிறது. இரண்டு பக்க வளவிலும் கிணறு. மேசன் சொல்கிறாராம், ‘அடி போடாமல் இரண்டு வளையக் குழி இறக்கினால் ஆயுளுக்கும் நிரம்பாது’ என்று. ரொறன்ரோவில் இருக்கும் மாமா சொல்கிறாராம், ‘இங்கே அதிகாரி வந்து பார்க்காமல் மண் மூடவே முடியாது, அங்கே இதற்குச் சட்டமே இல்லையா?’ என்று. சட்டம் என்ன, யார் வந்து பார்ப்பார்கள், கடைசியில் எதைக் கட்டுவது?

தம்பி, சட்டம் இருக்கிறது. ஒன்றல்ல, ஐந்தாறு இருக்கிறது. பல வருடம் கட்டட பிளான்களைப் பார்த்துக் குறிப்பெழுதும் மேசையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் எல்லாமே நீங்கள் கட்டும் நாளைப் பற்றித்தான் கவலைப்படுகின்றன. கட்டி முடித்து மேலே புல் முளைத்த பிறகு அந்தக் குழியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் சட்டத்தை முதலில் சொல்லிவிட்டு, சட்டம் பார்க்காத இடத்துக்கு அப்புறம் வருகிறேன்.

நிலாவெளி குச்சவெளி பிரதேச சபைக்குள் வருகிறது. கட்டட அனுமதி அங்கேதான். பிரதேச சபைகளுக்கு அதிகாரம் தருவது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். கட்டடம் பற்றிய பழைய வேர் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. காணி நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய பகுதிக்குள் இருந்தால், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் அதன் திட்டமிடல் ஒழுங்குவிதிகளும் சேர்ந்துகொள்ளும். விண்ணப்பம் கொடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். பிளானில் மலக்குழியும், அதிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழியும் எந்த இடம், கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டியிருக்க வேண்டும். பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து இடம் பார்ப்பார். கட்டி முடிந்ததும் சி.ஓ.சி. என்று எல்லோரும் சொல்லும் இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் அதை எடுப்பதே இல்லை. வங்கியில் கடன் கேட்கும்போதுதான் ஞாபகம் வரும்.

உங்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் கரையோர வலயம் என்று ஒன்றை வரையறுக்கிறது: சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர். உங்கள் காணி அதற்குள் இருக்கிறது. ஆகவே கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். கழிவுநீரை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை அங்கேயும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கும். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உங்களுக்கு நேரே கடலில் இருப்பது புறாமலை, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட, பவளப்பாறைகள் சூழ்ந்த தீவு. மணலுக்குள் போகும் தண்ணீர் மெல்ல மெல்லக் கடலுக்குத்தான் போகிறது.

மேலே மூன்று அறை என்பது பிறகு ஆறாகி, பத்தாகி, சாப்பாட்டுக் கடையும் சேர்ந்தால் கதை மாறும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம், உரிமம் இல்லாமல் கழிவைச் சுற்றாடலுக்குள் விடக் கூடாது என்கிறது. எந்தத் தொழிலுக்கு, எந்த அளவுக்கு மேல் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும் என்பதை வர்த்தமானிப் பட்டியல்கள் சொல்கின்றன. விடுதிகளுக்கு அறைகளின் எண்ணிக்கைதான் கணக்கு. பட்டியலை மாற்றுவார்கள், அதனால் பழைய ஆள் சொன்ன எண்ணை நம்பாமல் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2008ஆம் ஆண்டு வர்த்தமானியில், உள்நாட்டு நீர்நிலைக்குள் விடும் கழிவுநீரின் பி.ஓ.டி. (அழுக்கை நுண்ணுயிர்கள் தின்னத் தேவைப்படும் ஒட்சிசன் அளவு) லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். சாதாரண மலக்குழியிலிருந்து வெளியே வரும் தண்ணீர் அதைவிடப் பல மடங்கு அழுக்கு. மலக்குழி மட்டும் கட்டிவிட்டு ‘சுத்திகரிப்பு இருக்கிறது’ என்று எழுதினால், விஷயம் தெரிந்த அதிகாரி சிரிப்பார்.

எப்படிக் கட்டுவது என்பதற்கும் நூல் இருக்கிறது. எஸ்.எல்.எஸ். 745 என்ற இலங்கைத் தர நியமம். இரண்டு பகுதி. முதலாவது, நிலத்துக்குள் விடும் சிறிய அமைப்புகளுக்கு, 2004இல் வந்தது. இரண்டாவது 2009இல் வந்தது: மேற்பரப்புக்கு விடுவது, தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துவது, நிலத்துக்குள் விடும் பெரிய அமைப்புகள். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தில் காசு கொடுத்து வாங்கலாம். படம் வரைபவரிடம் ‘745இன்படி வரைந்தீர்களா’ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். முகத்திலேயே தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் என் பங்கையும் ஒத்துக்கொள்கிறேன். நான் இருந்த மேசைக்கு வரும் பிளான்களில் மலக்குழிப் படம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். பாறை மேலிருக்கும் திருகோணமலை நகரத்து வீட்டுக்கும், கிண்ணியாவின் தாழ்ந்த களிமண்ணுக்கும், உப்புவெளி மணலுக்கும் அதே இரண்டு அறைப் பெட்டி, அதே வட்டக் குழி, அதே அளவு. ஒருவர் எப்போதோ வரைந்ததை எல்லோரும் பிரதி எடுத்து ஒட்டுகிறார்கள். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஒரு கோடு போட்டு, விட வேண்டிய தூரம் என்று வழக்கமாகச் சொல்லும் ‘50 அடி’யை எழுதியிருக்கும். நானும் அளவுகோலை வைத்துப் பார்த்து, சரி என்று குறிப்பெழுதி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கோடு காகிதத்தில் இருந்தது. மேசன் எங்கே தோண்டினார் என்பது கடவுளுக்கும் மேசனுக்கும் தெரியும்.

அந்த ஐம்பது அடியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 15 பேர்ச் என்றால் 4,084 சதுர அடி. கிணற்றை நடுவில் வைத்து 50 அடி ஆரத்தில் வட்டம் போட்டால் அதன் பரப்பு 7,850 சதுர அடிக்கு மேல், கிட்டத்தட்ட 29 பேர்ச். ஒரு கிணற்றின் வட்டமே உங்கள் காணியைப்போல் இரண்டு மடங்கு! உங்கள் கிணறு மூலையில் இருப்பதால் அதன் வட்டத்தில் கால்வாசிதான் உங்கள் வளவுக்குள் விழும். ஆனால் இரண்டு பக்க அயலவரின் வட்டங்களும் வேலியைத் தாண்டி உள்ளே வரும். மூன்றையும் வரைந்து பாருங்கள். வீட்டுக்கும் இடம் விட்டு, மிஞ்சுவது அநேகமாகத் தெருப்பக்கம் ஒரு துண்டு. பலர் வீட்டுக்குப் பின்னால்தான் குழி என்று பிடிவாதம் பிடிப்பார்கள். உங்கள் காணியில் அது முன்னால்தான் வர வேண்டும். வாகனம் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் வரட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை, கழிவெடுக்க வரும் பவுசருக்கும் வசதி.

ஆனால் நிலாவெளியில் இந்தத் தூரத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. கீழ்நோக்கிய தூரம். குழியின் அடிக்கும் மார்கழி மாதத் தண்ணீர் மட்டத்துக்கும் இடையில் எத்தனை அடி காய்ந்த மண் இருக்கிறது? இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

மலக்குழி செய்வது பாதி வேலைதான். கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவில் கலங்கல் தண்ணீர் வெளியே போகும். அதில் கிருமிகள் உயிரோடுதான் இருக்கும். அவற்றைச் சாகடிப்பது மண். ஆனால் காற்று புகுந்திருக்கும் ஈரமண், தண்ணீரில் ஊறிக்கிடக்கும் மண் அல்ல. தண்ணீர் மணல் துணிக்கைகளை மெல்லிய படலமாகத் தொட்டுத் தொட்டு இறங்கும்போதுதான் அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், கிருமிகள் மணலில் ஒட்டிச் சாகும். குழியின் அடியே நிலத்தடி நீருக்குள் இருந்தால் அந்த வேலை நடக்காது. கழிவுநீர் நேராகக் கிணற்று நீரோடு கைகோத்துவிடும். அப்புறம் ஐம்பது அடியும் அறுபது அடியும் பக்கவாட்டில் எவ்வளவு நாள் எடுக்கும் என்ற கணக்கு மட்டும்தான் மிச்சம். நோய்க்கிருமிகள் சாக 50 நாள் நிலத்தடிப் பயணம் வேண்டும் என்பது ஐரோப்பாவில் கிணற்றுப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் பழைய கணக்கு. நிலத்தடி நீர் நாளுக்கு ஓரடி நகர்ந்தால் 50 அடி போதும். பருமணலில், பக்கத்து விடுதி மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டிருந்தால், நாளுக்கு ஓரடியோடு அது நிற்குமா?

மேசன் சொன்ன ‘ஆயுளுக்கும் நிரம்பாது’ என்பதை இப்போது யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள்: ‘என் குழி இருபது வருடமாக நிரம்பியதே இல்லை.’ நிரம்பாத குழியில் போட்டதெல்லாம் எங்கே போயிற்று? ஒழுங்கான மலக்குழி எப்போதும் நிரம்பித்தான் இருக்கும், அதன் வேலையே அதுதான். உள்ளே வரும் அளவு தண்ணீர் வெளியே போகும், அடியில் படிந்த மண்டி தங்கும், அதை மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பவுசர் கொண்டு எடுக்க வேண்டும். எடுக்கவே தேவையில்லாத குழி உங்கள் அயலவர் குடிக்கும் குழி.

மாமாவுக்கும் ஒரு பதில். அவர் இருக்கும் ஒன்ராறியோவில் வீட்டுக் கழிவுநீர் அமைப்பு கட்டட விதிக்கோவையின் எட்டாம் பகுதிக்குள் வருகிறது. உறை இறக்கிய குழாய்க்கிணறாக இருந்தால், கழிவுநீரை மண்ணுக்குள் பரப்பும் உறிஞ்சு படுக்கை 15 மீற்றர் தள்ளி, மற்றக் கிணறுகளென்றால் 30 மீற்றர். நம்முடையது திறந்த கிணறு, இரண்டாவது வகை! ஆனால் என் கண்ணில் பட்டது இன்னொரு விதி: உறிஞ்சு வாய்க்காலின் அடி, உயர்ந்தபட்ச நிலத்தடி நீர்மட்டத்துக்கு 900 மில்லிமீற்றராவது மேலே இருக்க வேண்டும். அங்கேயும் கீழ்நோக்கித்தான் அளக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே முகாம்களுக்கு மலசலகூடம் போட வந்த நிறுவனங்களின் கையில் இருந்த, நிவாரண வேலைக்குக் குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் கையேடும் அதே பக்கம்தான்: தண்ணீர் மூலத்திலிருந்து 30 மீற்றர், குழியின் அடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றர் மேலே. கடற்கரை முகாம்களில் ஒன்றரை மீற்றருக்கு எங்கே போவது? மேடை கட்டி ஏற்ற வேண்டியிருந்தது. ஆட்கள் படியேறிப் போவதைப் பார்த்து அப்போது பலர் சிரித்தார்கள்.

சரி, உங்கள் காணிக்கு வருவோம். நீங்கள் விடுமுறைக்கு ஆடி, ஆவணியில் வருவீர்கள். கச்சான் காற்று வீசி மண் பொரிந்து கிடக்கும், கிணற்றில் தண்ணீர் ஆழத்தில் இருக்கும், மேசன் எட்டடி தோண்டிக் காட்டி ‘பாருங்கள், பொட்டுத் தண்ணீர் இல்லை’ என்பார். உண்மைதான். அதே குழி மார்கழியில் பாதி முங்கிக் கிடக்கும். மாரியில் மலசலகூடத்தில் தண்ணீர் இறங்காமல் மேலெழுகிறது என்று முறைப்பாடு வருவதெல்லாம் இதனால்தான்.

மார்கழிவரை காத்திருக்க முடியாவிட்டால் உங்கள் பழைய கிணறே சாட்சி. உள்ளே எட்டிப் பாருங்கள். கிணற்றுச் சுவரில் பாசியும் கறையும் ஒரு மட்டத்தோடு நிற்கும். அதுதான் மாரித் தண்ணீர் வந்து நின்ற உயரம். அந்தக் கறையிலிருந்து வளவின் தரை மட்டம் வரை நாடா பிடித்து அளந்து பாருங்கள். மூன்றடி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தரைக்குக் கீழே உறிஞ்சு குழி என்ற பேச்சே கிடையாது. குழியை நிலத்துக்கு மேலே ஏற்ற வேண்டும்.

கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் நம் கடற்கரைக்கு ஏற்றது அதுதான். மலக்குழி இரண்டு அறையுள்ள, அடியும் சுவரும் நீர் கசியாத கொங்கிரீட் பெட்டி. முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு. அதிலிருந்து வரும் தண்ணீர், தரைக்கு மேலே நல்ல மணல் கொட்டிச் சுற்றிவரக் கட்டிய மேடைக்குள் துளையிட்ட குழாய்களால் பரவலாக இறங்க வேண்டும். குழாய்களைச் சுற்றி ஜல்லி, மேலே மண், அதன் மேல் புல் அல்லது கல்வாழை. ஆழ வேரோடும் மரம் வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். மூன்று அறையில் ஆறு பேர், ஆளுக்கு 200 லீற்றர். வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு 120. மொத்தம் நாளுக்கு ஏறத்தாழ 1,700 லீற்றர். ஒரு நாள் தண்ணீர் தங்குவதற்கு அவ்வளவு, மூன்று வருட மண்டிக்கு ஆளுக்கு வருடம் 40 லீற்றர் வீதம் 1,200. ஆக, 3,000 லீற்றர் கொள்ளும் பெட்டி. மணல் மேடைக்கு, சதுர மீற்றருக்கு நாளுக்கு 40 லீற்றர் விடலாம் என்று வைத்தால் 42 சதுர மீற்றர், அதாவது ஒன்றே முக்கால் பேர்ச் அளவு இடம். இது என் கைக்கணக்கு. 745 தெரிந்த ஒரு பொறியியலாளரைக் கொண்டு மண்ணைச் சோதித்து உறுதிப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்கும் சோதனையில், மெதுவாக இறங்கினால் கெட்ட மண் என்று எல்லோருக்கும் தெரியும். மிக வேகமாக இறங்குவதும் கெட்டதே. ஒரு நிமிடத்துக்குள் ஓர் அங்குலம் இறங்கும் மணல் எதையும் வடிகட்டாது. நிலாவெளியில் அதுதான் நடக்கும். மேடைக்குக் கொட்டும் மணலைத் தெரிந்தெடுப்பது இதற்காகத்தான்.

இதில் ஒரு சிக்கல், அதை இப்போதே சொல்லாவிட்டால் பிறகு முழிப்பீர்கள். மேடை உயரமானால் தண்ணீர் அதற்குத் தானாக ஏறாது. கீழ்த்தட்டு மலசலகூடத்தின் தரை, மலக்குழியின் வாயைவிட உயரம். அந்த வாய், மேடையின் குழாயைவிட உயரம். அதனால் வீட்டின் அத்திவாரத்தையே மூன்றடி போல உயர்த்திக் கட்ட வேண்டியிருக்கலாம். இல்லாவிட்டால் சிறிய பம்ப் ஒன்று வைக்க வேண்டும், மின்சாரம் போகும் நாளைக்கு இடைத்தொட்டியும் வேண்டும். வீட்டு பிளான் வரைந்து முடித்த பிறகு மலக்குழியைப் பற்றி யோசிப்பவர்களுக்குப் பம்ப்தான் கதி. நீங்கள் இன்னும் அத்திவாரம் வெட்டவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

குளிக்கும் தண்ணீரையும் துணி துவைக்கும் தண்ணீரையும் பிரித்து வாழைக்கு விட்டால் மேடையின் சுமை நன்றாகக் குறையும். கிணற்றடியில் குளித்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. சமையலறைத் தண்ணீருக்கு எண்ணெய் பிடிக்கும் சிறிய தொட்டி கட்டாயம். மீன் பொரித்த எண்ணெய் உறிஞ்சு படுக்கையை அடைப்பதுபோல வேறொன்றும் அடைக்காது. பக்டீரியாத் தூள், உப்பு, இறைச்சித் துண்டு என்று கடையிலும் ஊரிலும் சொல்லும் மருந்தெல்லாம் காசுக்குக் கேடு.

மண்டி எடுக்கும் காலமும் முக்கியம். மாரியில் நிறையத் தண்ணீர் என்று பயந்து மார்கழியில் பவுசரைக் கூப்பிடுவார்கள். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது பெட்டியை வெறுமையாக்கினால், பிளாஸ்டிக் தாங்கியாக இருந்தால் அது படகுபோல் மிதந்து மேலே வந்து குழாய்களை முறித்துவிடும். கொங்கிரீட்டும் வெடிக்கலாம். ஆனியிலோ ஆடியிலோ எடுங்கள். பவுசர்காரரிடம் எங்கே கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். என்ன நடந்தாலும் ஒருவரையும் தாங்கிக்குள் இறங்க விடாதீர்கள். அடைப்பெடுக்க இறங்கியவர் விஷவாயுவில் மயங்கி, அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து போவதுதான் இந்த வேலையில் திரும்பத் திரும்ப நடப்பது.

அயலவர் விஷயம். அவர்களுடைய கிணற்றைக் கெடுத்தால் அவர்களுக்கு வழி இருக்கிறது. 1862ஆம் ஆண்டிலேயே தொல்லைகள் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது, பி.எச்.ஐ. வழக்கு வைக்கலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில், பொதுத்தொல்லையை அகற்றும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை போடலாம். அந்த வழி உங்களுக்கும் திறந்திருக்கிறது. ஏனென்றால் உங்கள் அயலவர்களின் குழிகள் எங்கே, எப்படி இருக்கின்றன என்று நீங்கள் சொல்லவேயில்லை. உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கட்டட வேலை தொடங்குமுன் ஒருமுறை பரிசோதித்து அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். 100 மில்லிலீற்றரில் மலத்திலிருந்து வரும் ஈ.கோலிக் கிருமி ஒன்றும் இருக்கக் கூடாது, கழிவிலிருந்து தண்ணீரில் கரையும் நைத்திரேற்று உப்பு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொதிக்க வைத்தால் ஈ.கோலி சாகும், நைத்திரேற்று போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டுக்கு இந்த இரண்டாவதுதான் ஆபத்து. மணல் மேடையும் நைத்திரேற்றை முழுதாகப் பிடிக்காது. ஆகவே குழாய்த் தண்ணீர் எடுக்க முடிந்தால் எடுங்கள், கிணறு குளிக்கவும் மரத்துக்கு இறைக்கவும் இருக்கட்டும்.

முதலில் செய்ய வேண்டியது, ஊரில் இருக்கும் யாரையாவது ஒரு நாடாவோடு வளவுக்கு அனுப்புவது. கிணற்றுக் கறையிலிருந்து தரை மட்டம் வரை எத்தனை அடி, தெருவின் மட்டம் வளவைவிட உயரமா தாழ்வா, இரண்டு அயலவர் கிணறும் வேலியிலிருந்து எவ்வளவு தூரம். இந்த மூன்றையும் அனுப்புங்கள். அத்திவாரம் எவ்வளவு உயர வேண்டும், மேடை எந்த மூலையில் வரும் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். அதுவரை மேசனுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.